தலவாக்கலைச் சரிவுகளில் ஒரு பொறியியலாளரின் நினைவு

அட்டனை விட்டுப் புறப்பட்ட புகையிரதம் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்த மாத்திரத்தில், முன்பின் பெட்டிகளிலிருந்த சிறுவர் சிறுமியர் அனைவரும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்த சம்பிரதாயப்படி, ஒரே குரலாகக் கூவத் தொடங்கி, மறுமுனையின் வெளிச்சம் முகத்திற் படும்வரை ஓயாதிருந்தனர். அதன்பின் கொட்டகலை வந்தது, சென்கிளேயர் வந்தது. மலையை நேராக ஏற முடியாத காரணத்தால் அதன் இடுப்பைச் சுற்றி வளைத்து வளைத்துப் போடப்பட்ட அந்தப் பாதையில், ஒருபுறம் பள்ளமும் தேயிலையும், மறுபுறம் வெள்ளைக்காரர் காலத்தில் மண்வெட்டியும் அலவாங்கும் கொண்டு வெட்டிய செங்குத்தான மண்சுவரும் தொடர்ந்து வருகின்றன. பிரயாணிகளிற் பெரும்பாலோர் பள்ளத்துப் பக்க ஜன்னல்களில் நெருக்கியடித்து நின்றமையால், வெட்டுச்சுவர்ப் பக்கம் எனக்கு மிகுந்த சௌகரியமாக அமைந்தது. மேலே வேர்கள் தொங்கும் கறுப்பு மண், அதன் கீழே செம்மண், அதற்கும் கீழே மஞ்சளும் வெண்மையும் திட்டுத்திட்டாகக் கலந்த களி, அடியில் கல்லென்றும் மண்ணென்றும் துணிந்து சொல்லவியலாதபடி உளுத்துப்போன பாறை. இவ்வளவையும் இரண்டு முழத் தூரத்தில் வைத்துக் காட்டிக்கொண்டு கோச்சி மெதுவாகச் சென்றது.

மண்ணைப் பார்த்துக்கொண்டு பிரயாணம் செய்ததற்கு முகாந்தரம் இருந்தது. தலவாக்கலையை அடுத்த ஒரு தோட்டத்தில் மாலை வகுப்பு நடத்தும் இளம் ஆசிரியர் ஒருவர், தம் மாணவர்களுக்கு ஒரு விஞ்ஞானியைப் பற்றிப் பேசவேண்டுமென்று என்னைக் கேட்டிருந்தார். "நியூட்டன், ஐன்ஸ்டீன் எல்லாம் புத்தகத்துல இருக்கு சேர். நம்ம நாட்டு ஆள், நம்ம பாஷை பேசின ஆள் ஒருத்தரச் சொல்லுங்க" என்பது அவருடைய நிபந்தனை. பல பெயர்களை எண்ணிப் பார்த்தபின், மண்ணின் சுபாவத்தை அறிவதற்கே தம் இளமையைச் செலவிட்டவரும், பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவருமான பேராசிரியர் அழகையா துரைராஜாவைப் பற்றிப் பேசுவதென்று தீர்மானித்தேன். மலைச்சரிவிலே வாழும் பிள்ளைகளுக்கு அவரைக்காட்டிலும் பொருத்தமானவர் ஒருவர் எனக்கு அகப்படவில்லை.

தலவாக்கலை கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நிலையத்தைவிட்டு இறங்கிக் கடைவீதிக்கு வந்தால், முதலில் கண்ணிற்படுவது கொத்மலை ஓயாவை மறித்துத் தேக்கிய நீர்ப்பரப்பு. மேல் கொத்மலைத் திட்டம் என்று பெயர் பெற்ற இந்த நிர்மாணம் 2012 இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அணை பிரமாண்டமானதன்று, உயரம் 35.5 மீற்றர், நீளம் 180 மீற்றர். விசேஷமெல்லாம் அணைக்கு அப்பால் மலையின் வயிற்றுக்குள்ளே இருக்கிறது. ஏறக்குறைய பதின்மூன்று கிலோமீற்றர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே நீர் இறங்கி, நியங்கந்தொரையில் நிலத்தின் கீழ் அமைந்த மின்நிலையத்தில் 150 மெகாவாற் சக்தியை உண்டாக்குகிறது. சென்கிளேயர் அருவியின் அழகு போய்விடுமே என்று இந்நாட்டிலே நெடுங்காலம் வாதப் பிரதிவாதங்கள் நடந்தன. அருவிக்கென்று ஓரளவு நீரைப் பகலில் விடுவதென்ற ஏற்பாட்டின் பேரில் திட்டம் நிறைவேறியது. வீதியோரத்தில் நின்று பார்த்தேன். அருவி விழுந்துகொண்டுதான் இருந்தது. அளந்து கொடுக்கப்பட்ட அருவி என்ற எண்ணத்தோடு பார்ப்பதால் அதன் சோபை குறைந்து தோன்றியதோ என்னவோ, எனக்கு அருகிலுள்ள டெவன் அருவியே பிடித்திருந்தது.

அணையில் அகப்படாமற் போகும் நீரும், சுரங்கத்தில் இறங்கி வெளிப்படும் நீரும், கம்பளைக்கு மேலே மகாவலியோடு கலந்து பேராதனையை நோக்கிச் செல்கின்றன. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் அந்த ஆற்றின் கரையிலேயே இருக்கிறது. துரைராஜா பல ஆண்டுகள் கற்பித்ததும், பீடாதிபதியாக இருந்ததும் அங்கேதான். தலவாக்கலையிற் பெய்யும் மழை அவருடைய வகுப்பறையைக் கடந்து கடலுக்குப் போயிற்று என்று சொன்னால் பூகோள சாஸ்திரப்படி பிழையில்லை. மறுநாள் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது, அவர்களுள் ஒருவன் எழுந்து, "அப்ப எங்க லயத்து மண்ணும் அவர் காலேஜைக் கடந்து போயிருக்கும் சேர்" என்றான். நான் ஆயத்தம் செய்து கொண்டுபோன பேச்சைவிட அது மேலானதாக இருந்தது.

அவருடைய சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1934 நவம்பர் 10 இல் வடமராட்சியின் கம்பர்மலையிற் பிறந்தார். உடுப்பிட்டி அமெரிக்கன் மிஷன் கல்லூரியிலும், பின்னர் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலும் படித்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியல் பயின்று 1957 இல் முதல் வகுப்பில் தேறினார். அங்கிருந்து கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். அவர் அங்கே செய்த காரியத்தைத்தான் சற்று நிதானமாகச் சொல்லவேண்டும். ஏனெனில் தமிழ் மக்களிடையே அவரைத் துணைவேந்தராக அறிந்தவர் அநேகர், சைக்கிளில் வந்த துணைவேந்தராக அறிந்தவர் அதனிலும் அநேகர், அந்த இளம் பொறியியலாளர் உலகத்துக்கு என்ன கொடுத்தார் என்பதை அறிந்தவரோ வெகு சிலர்.

இரும்பு எவ்வளவு பாரம் தாங்கும், சீமெந்துத் தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பவற்றைக் கணக்கிட்டுச் சொல்வதற்கு வெகு காலத்துக்கு முன்பே மனிதன் கற்றுக்கொண்டுவிட்டான். மண் மட்டும் அவனுக்குப் பிடிகொடுக்கவில்லை. துகளும் நீரும் காற்றும் கலந்த பொருளாகிய மண், அழுத்தினாற் சுருங்குகிறது. சில சமயங்களில், விந்தையாக, நெரித்தால் விரிகிறது. கடற்கரையில் ஈரமணலின்மேல் காலை அழுத்தி ஊன்றியவர்கள், பாதத்தைச் சுற்றியுள்ள மணல் கணப்பொழுதில் வெளிறி உலர்ந்ததுபோலாவதைக் கண்டிருப்பார்கள். மிதித்ததனால் மணிகள் ஒன்றையொன்று ஏறி விலக, இடைவெளி அதிகரித்து, மேலே நின்ற நீர் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆங்கில விஞ்ஞானி ஒஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் இதனை விளக்கியது 1885 இல். தலவாக்கலைக்குப் புகையிரதம் வந்ததும் அதே ஆண்டில்தான். இதில் சம்பந்தம் ஏதுமில்லை, எனினும் மணலைப் பற்றிய அறிவு அப்போதுதான் அரும்பத் தொடங்கியிருந்தது என்பதையும், இந்த மலைகளை வெட்டுவதற்கு எவரும் அந்த அறிவுக்காகக் காத்திருக்கவில்லை என்பதையும் அது ஞாபகப்படுத்துகிறது. ஈரமண்ணின் பலம், துகளுக்குத் துகள் கடத்தும் அழுத்தத்தில் தங்கியிருக்கிறதென்றும், இடையிலுள்ள நீரின் அழுத்தம் ஏற ஏற அந்தப் பலம் இறங்கிவிடுகிறதென்றும் ஒஸ்திரியரான கார்ல் டெர்சாகி நிலைநாட்டியது 1925 ஆம் ஆண்டையொட்டி.

கேம்பிரிட்ஜில் கென்னத் ரொஸ்கோ என்பவரின் தலைமையிலிருந்த சிறு குழுவில் துரைராஜா சேர்ந்தபோது, மண்ணின் நடத்தைகள் அனைத்தையும் ஒரே கொள்கைக்குள் அடக்க முடியுமா என்பது அங்கே கேள்வியாக இருந்தது. கயோலின் என்னும் வெண்களியையும் மணலையும் சிறு உருளைகளாக்கி, ரப்பர் உறையிட்டு, நீர் நிரம்பிய கலத்துக்குள் வைத்துச் சுற்றிலும் நெருக்கி, மேலிருந்து மெல்ல மெல்ல அழுத்தி, உருளை எவ்வளவு குறுகுகிறது, எவ்வளவு நீர் வெளியேறுகிறது அல்லது உள்ளே எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்பவற்றையெல்லாம் பொறுமையோடு குறித்து வைக்கும் பரீட்சை அது. ஒரு களியுருளை தன் முடிவை அடைவதற்கு நாட்கள் செல்லும். அவசரப்படுத்தினால் அது பொய் சொல்லும். மண்ணைச் சிதைக்க நாம் செலவிடும் சக்தி உள்ளே எங்கே போகிறது என்று அவர் கணக்குப் பார்த்தார். மண் சுருங்கினாலும் விரிந்தாலும் சரி, உள்ளே அழிந்துபோகும் சக்தி உராய்வு ஒன்றினாலேயே நிர்ணயிக்கப்படுகிறது என்ற எளிய விதி அவருடைய அளவீடுகளிலிருந்து எழுந்தது. 1961 இல் இதைக் கண்டபோது அவருக்கு வயது இருபத்தாறு அல்லது இருபத்தேழுதான்.

அந்த விதியை ஆதாரமாகக் கொண்டு ரொஸ்கோ, ஆண்ட்ரூ ஸ்கோஃபீல்ட், துரைராஜா ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை 1963 இல் 'ஜியோடெக்னிக்' என்னும் சஞ்சிகையில் வெளிவந்தது. கேம்பிரிட்ஜில் ஓடும் கேம் ஆற்றின் பெயரால் 'கேம் களி' என்று பின்னர் வழங்கலாயிற்று அந்தக் கொள்கை. இன்று உலகில் எங்கேயாவது மென்களியின்மேல் ஒரு வீதியோ அணையோ துறைமுகமோ எழும்பும்போது, அதன் அடிமண் எவ்வளவு இறங்கும், எப்போது நெகிழும் என்று கணனியிற் கணக்கிடுபவர், அறிந்தோ அறியாமலோ அந்த மூவரின் சந்ததியான சமன்பாடுகளையே பெரும்பாலும் கையாளுகிறார். ஸ்கோஃபீல்ட் தம் பிற்காலத்து எழுத்துக்களிலும் துரைராஜாவின் கண்டுபிடிப்புக்கு உரிய இடத்தைக் கொடுத்திருக்கிறார். மூவரில் இருவர் பெயர் சுருக்கமாகவும் மூன்றாவது பெயர் நீளமாகவும் இருந்தமையாற் போலும், பாடநூல்கள் சில வேளைகளில் மூன்றாமவரை விட்டுவிடுவதுண்டு.

கயோலின் கேம்பிரிட்ஜுக்கு மட்டும் உரிய சரக்கு அன்று. மலைநாட்டின் பழம்பாறைகள் வெயிலிலும் மழையிலும் யுகக்கணக்காக உளுத்து உண்டான மண்ணிலே அந்தக் களியினம் ஏராளம். கோச்சியிலிருந்து நான் பார்த்து வந்த வெட்டுச்சுவரின் வெண்திட்டுக்களில் அவருடைய பரீட்சைப் பொருள் இருந்தது. காய்ந்த காலத்தில் அந்தச் சுவர் கோடரிக்கும் மசியாது. அடைமழை நாலு நாள் விடாது பெய்து, நீர் இடுக்குகளில் இறங்கி உள்ளழுத்தம் ஏறிவிட்டால், அதே சுவர் தன் பலத்தை இழந்து, மேலேயுள்ள தேயிலையையும் மரத்தையும் வீட்டையும் சுமந்துகொண்டு இறங்கிவிடும்.

காலையில் ஆசிரியர் என்னை மலைக்கு அழைத்துச் சென்றார். மலையகத்தார் 'மலை' என்று சொல்வது நாம் நினைக்கும் மலையை அன்று. வேலை நடக்கும் தேயிலை நிலத்தைத்தான். வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக் கலைந்து பெண்கள் கூடையோடு நிரை பிடித்துவிட்டார்கள். கவ்வாத்து வெட்டிய ஒரு பகுதியில், தேயிலைத் தூர்கள் மொட்டையாக நிற்க, மண் முழுவதும் வெளியே தெரிந்தது. நிரைகளுக்குக் குறுக்கே, சரிவை அணைத்தாற்போல், இடைவெளி விட்டுவிட்டுக் கான்கள் என்னும் நீர்வடி வாய்க்கால்கள் வெட்டப்பட்டிருந்தன. ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவர் எங்களோடு நடந்து வந்தார். நாற்பது வருஷம் கான் வெட்டிய கைகள் அவருடையவை. "கான் தூந்து போச்சுன்னா அடுத்த மழையில லயத்துக்குள்ள சேறு வந்திரும்ங்க ஐயா. முன்னெல்லாம் கான் வெட்டுக்குன்னே தனியா ஆள் போடுவாங்க. இப்பக் கொழுந்துக்கே ஆள் பத்தல" என்றார். ஒரு கானின் அடியில் ஈரம் கசிந்துகொண்டிருந்த இடத்தைக் காலாற் காட்டி, அந்தத் தண்ணீர் தெளிவாக வரும்வரை பயமில்லை, கலங்கி வரத் தொடங்கினால் மலை உள்ளே நகருகிறது என்று பொருள் என்றும் சொன்னார். மண்சரிவைப் பற்றி அரசாங்கம் அச்சடித்து வெளியிடும் பிரசுரங்களிலும் இதே லட்சணம் சொல்லப்பட்டிருக்கிறது.

தொழிலாளர் குடியிருக்கும் லயம் அந்தச் சரிவின் கீழே இருந்தது. நீண்ட ஒரே கூரை, அடுத்தடுத்துக் காம்பராக்கள், முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. பின்சுவருக்கும் மலைவெட்டுக்கும் இடையில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையக்கூடிய சந்து மாத்திரமே. ஒரு வீட்டுக்குள் எங்களை அழைத்துத் தேநீர் கொடுத்தார்கள். அடுப்படியின் சீமெந்துத் தரையில், பின்சுவரிலிருந்து புறப்பட்டு வாசலை நோக்கி, சுண்டுவிரல் நுழையக்கூடிய ஒரு வெடிப்பு ஓடியது. அதன் குறுக்கே, ஒரு முழ இடைவெளியில், ஜன்னற் கண்ணாடியிலிருந்து அறுத்த இரண்டு துண்டுகள், இருமுனையிலும் சீமெந்துப் பற்றிட்டு ஒட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கரிக்கட்டியால் தேதி எழுதியிருந்தது. வெடிப்பு பழையதாக உறங்குகிறதா, இன்னும் வளருகிறதா என்று அறிவதற்குப் பொறியியலாளர் கையாளும் பழைய உபாயம் இது. வெடிப்பு அசைந்தால் கண்ணாடி தெறித்துவிடும். ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் செய்த வேலை.

"கண்ணாடி ஒடஞ்சா சாமான் சட்டு எதையும் பாக்காம பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு இஸ்கூலுக்குப் போயிரணும்னு மாஸ்டர் சொல்லியிருக்காருங்க" என்றார் அந்த வீட்டு அம்மா. "ராத்திரி மழ பேஞ்சா லாம்பப் புடிச்சுக்கிட்டு வந்து வந்து பாப்பேன்." நான் குனிந்து பார்த்தேன். இரண்டு துண்டும் முழுதாக இருந்தன. அவற்றின்மேற் படிந்த அடுப்புச் சாம்பலை அவர் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

பாடசாலைச் சுவரிலே மூன்று எண்கள் பெரிதாக எழுதப்பட்டிருந்தன: 75, 100, 150. இருபத்துநான்கு மணி நேரத்தில் பெய்யும் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150 ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவு. அளப்பதற்கு முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி வைத்திருந்தார்கள். உண்மையான மழைமானி ஒன்று வேண்டுமென்று விண்ணப்பித்தாயிற்றாம், பதில் வரவில்லையாம். அதைப்பற்றி விசாரிக்கத் தொடங்கினால் கட்டுரை வேறு திசையில் போய்விடும்.

பள்ளிக்கூடத்துக்கு வெகு தொலைவில் இல்லை, சென்கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனம். 1925 இல் தொடங்கிய ஸ்தாபனம். தேயிலைக்கு எந்த உரம், எந்த நிழல், எந்த இனத்து நாற்று எந்தப் பூச்சியைத் தாங்கும் என்பவற்றையெல்லாம் நூறாண்டுக் காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். உலகம் மதிக்கும் வேலை. அந்தத் தேயிலையைப் பறிப்பவர்கள் உறங்கும் தரைக்குக் கீழே என்ன மண் இருக்கிறது என்று லயம் லயமாகச் சென்று துளையிட்டுப் பார்ப்பதற்கு இணையான சிரத்தை அந்த நூறாண்டில் காட்டப்பட்டதாக என்னாற் சொல்ல முடியவில்லை. லயங்கள் கட்டப்பட்டது பெரும்பாலும் தேயிலைக்கு உதவாத இடங்களில். அதாவது, மிகச் சரிவான அல்லது மிக ஈரமான இடங்களில். நிலம் தங்களுடையதாயிருந்தால் தொழிலாளர்கள் வேறிடம் பார்த்துக் கட்டியிருப்பார்கள். நிலமோ அவர்களுடையதாக இருந்ததில்லை. தோட்டக் காணிகளைப் பிறருக்குப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டை எதிர்த்து 1977 மே மாதத்தில் இதே தலவாக்கலையிலே ஊர்வலம் போனவர்களின்மேற் பொலிஸார் சுட்டபோது, டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் உயிர் துறந்தார். ஏழு பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் என்ற பேச்சு எழுந்து சில வீடுகள் உண்டானது அதற்கு ஏறத்தாழ நாற்பது வருஷங்களுக்குப் பிறகு.

மாலையில் வகுப்பு நடந்தது. வடமராட்சியிற் பிறந்த ஒருவர் மலைநாட்டின் களியைச் சீமையிலே படித்தார் என்ற விஷயத்தைப் பிள்ளைகள் மிகவும் ரசித்தார்கள். பேசி முடித்ததும் பின்வாங்கிலிருந்த சிறுமியொருத்தி, "அவரு இப்ப எங்க சேர் இருக்காரு?" என்று கேட்டாள். இறந்துவிட்டார் என்றேன். எதனால் என்று கேட்டாள். புற்றுநோய் என்றேன். "எங்க அப்பாயிக்கும் அதுதான் சேர். மகரகமைக்குக் கொண்டு போனோம்" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

துரைராஜா யாழ்ப்பாணத்தின் துணைவேந்தராகப் பதவியேற்ற 1988 ஆம் ஆண்டு, சமாதானமான ஆண்டன்று. இந்திய இராணுவம் அங்கே நிலைகொண்டிருந்தது. மறு ஆண்டு செப்டெம்பரில் அதே பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் விரிவுரையாளர் ரஜனி திராணகம வீதியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டது, மின்சாரம் நின்றது, எரிபொருளும் மருந்தும் கட்டுப்படுத்தப்பட்டன, வெளியுலகத்துக்குப் போக விரும்பியவர்கள் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு இரவிலே கிளாலிக் கடல்நீரேரியைப் படகிற் கடந்தார்கள். அத்தகைய காலத்தில், மேல்நாட்டுச் சர்வகலாசாலைகள் இருகரம் நீட்டி ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரு விஞ்ஞானி, குப்பிவிளக்கில் படிக்கும் மாணவர்களின் பரீட்சைகள் தவறாமல் நடக்கவேண்டும், பட்டங்கள் உரிய முறையில் வழங்கப்படவேண்டும் என்ற ஒரே கவலையோடு, எல்லாரையும் போலச் சைக்கிளில் ஏறித் தம் காரியாலயத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார். கிளிநொச்சியில் விவசாய பீடம் அவருடைய காலத்தில் உருவாகியது. அங்கேயே பொறியியற் பீடமும் அமையவேண்டுமென்பது அவருடைய மனோரதம்.

அவருடைய தயாள குணத்தைப் பற்றி அவரிடம் படித்தவர்கள் சொல்லும் கதைகள் பல. கேட்ட கதைகளை நான் இங்கே எழுதப்போவதில்லை. எவருக்கும் தெரிந்த ஒன்று போதும்: போகக்கூடிய இடங்கள் இருந்தும் அவர் போகவில்லை. 1994 ஜூன் 11 இல், அறுபது வயது பூர்த்தியாவதற்கு முன்னர், புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. விடுதலைப் புலிகள் அவருக்கு 'மாமனிதர்' என்று பட்டம் வழங்கினார்கள். அந்தப் பட்டத்தின் அரசியலை ஒப்பாதவர்களும், அந்தச் சொல்லை அவர் விஷயத்தில் மறுக்கக் காணோம்.

புற்றுநோய் வந்தவருக்கு மருந்தைப்போலவே தூரமும் ஒரு விஷயம். தலவாக்கலையிலிருந்து மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போவதென்றால் விடிவதற்கு முன் பஸ் பிடிக்கவேண்டும். அட்டன், கினிகத்தேனை, அவிசாவளை என்று மலையிறங்கி, வாந்தியும் மயக்கமுமாக உள்ள நோயாளியை மடியிற் சாய்த்துக்கொண்டு போய், வரிசையில் நின்று, மாலையில் திரும்பினால் நள்ளிரவாகிவிடும். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்தான். பஸ் இலவசம் இல்லை; கூடப் போகிறவரின் நாட்சம்பளமும் போய்விடுகிறது. அந்தச் சிறுமியின் வீட்டில், மூன்றாவது தடவைக்குப் பிறகு பாட்டியே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். வடக்கில் இந்தத் தூரத்தைக் குறைப்பதற்கு ஒரு நற்காரியம் நடந்தது. 2011 இல் நாட்டின் தென்கோடியான தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை, இன மத பேதமின்றிப் பலர் கால்நடையாகச் சென்று நிதி சேகரித்தார்கள். அந்த நிதியைக் கொண்டு 2013 இல் தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அவர்கள் நடந்து முடித்த பருத்தித்துறையில்தான் துரைராஜா படித்த ஹாட்லிக் கல்லூரி இருக்கிறது. மலையகத்துக்காக அப்படியொரு நடை இன்னும் நடக்கவேண்டியிருக்கிறது.

கிளிநொச்சியில் அவர் விரும்பிய பொறியியற் பீடம், அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கழிந்து, 2014 இல் மாணவர்களை ஏற்றது. அதே ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில், கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் அபாயமானதென்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. மக்களுக்குப் போக வேறு இடம் கொடுக்கப்படவில்லை. மண்ணைப் பற்றிய ஞானம் குறைவாயிருந்ததால் நேர்ந்த மரணங்கள் என்று அவற்றைச் சொல்ல இயலாது. 1963 ஆம் ஆண்டுக் கட்டுரையும் இருந்தது, அபாய இடங்களைக் காட்டும் வரைபடமும் இருந்தது, கலங்கிய ஊற்றைக் கண்டு சொல்லக்கூடிய கிழவர்களும் இருந்தார்கள். இம்மூன்றையும் ஒரே இடத்திற் கூட்டி, லயத்தின் பின்சந்துக்குள் கொண்டுவந்து நிறுத்துவார் இல்லை. துரைராஜா உயிரோடிருந்தால் தம் மாணவர்களில் எத்தனை பேரை அந்தச் சந்துக்குள் அனுப்பியிருப்பார் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. சைக்கிளிலே போகக்கூடிய தூரமாயிருந்தால் அவரே போயிருப்பார்.

ஆகவே பேராதனையிலும் மொரட்டுவையிலும் கிளிநொச்சியிலும், கடல் கடந்த நாடுகளிலும் மண் பொறியியல் படிக்கும், படித்துவிட்ட தமிழ்ப் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. துரைராஜாவின் பெயரால் கூட்டங்கள் கூட்டுகிறீர்கள், சொற்பொழிவுகள் நிகழ்த்துகிறீர்கள், அவை நல்லவைதான். விடுமுறையில் ஒரு வாரத்தை ஒதுக்கித் தலவாக்கலைப் பக்கம் வந்து, ஒரு லயத்தையாவது தேர்ந்துகொண்டு, பின்னாலுள்ள சரிவை அளந்து, மண்ணை எடுத்துப் பரிசோதித்து, இந்த வீட்டில் உறங்கலாமா கூடாதா என்று அந்த அம்மாவுக்குத் தமிழிலே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வரும்போது பாடசாலைக்கு ஒரு மழைமானி வாங்கி வந்தால் உபகாரமாயிருக்கும். தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்கிவிடும். அதற்கு முன் வாருங்கள்.